வறண்ட ஆற்றின் கரையில் ஓர் இரவு: கடலூர், புதுச்சேரிப் பக்கம் கூடாரம் போட இடம் தேர்ந்தெடுப்பது எப்படி

கடலூரைச் சுற்றி ஆறுகளுக்குக் குறைவே இல்லை. வடக்கு எல்லையில் தென்பெண்ணை, நகரத்தின் நடுவே கெடிலம், முதுநகர்ப் பக்கம் உப்பனாறும் பரவனாறும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, மாவட்டத்தின் தென்கோடியில் கொள்ளிடம். புதுச்சேரிக்குச் செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி. இத்தனை ஆறுகள் இருந்தும், ஆண்டின் பெரும்பகுதியில் இவற்றில் நாம் காண்பது தண்ணீரை அல்ல, மணலைத்தான். பாலத்தின் மேல் பேருந்தில் போகும்போது கீழே தெரியும் அந்த அகன்ற வெண்மணல் பரப்பையும், அதன் ஓரமாக ஒரு முழ அகலத்தில் ஓடும் நீரையும் பார்க்கும் எவருக்கும், அங்கே ஒரு கூடாரத்தைப் போட்டு ஓர் இரவு தங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை வரும். எனக்கும் அந்த ஆசை வந்துதான், உறவுக்காரப் பிள்ளைகளையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக இந்த ஆறுகளின் கரைகளில் தங்கி வருகிறேன். இடம் தேடும் முறையை, முதலில் தவறாகக் கற்று, பிறகு திருத்திக்கொண்ட வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆற்றின் படுகை வேறு, கரை வேறு என்பது. படுகை என்பது தண்ணீர் போய்விட்ட இடம் அல்ல. தண்ணீர் திரும்பி வரும் வழி. மஸ்கட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய என் சித்தப்பா மகன், அந்தப் பாலைவன நாட்டில் 'வாதி' என்று அழைக்கப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளங்களில் யாரும் இரவில் வண்டியைக்கூட நிறுத்த மாட்டார்கள் என்பான். மழை எங்கோ மலையில் பெய்யும். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருக்கும். வெள்ளம் மட்டும் வந்து சேரும். நம் ஆறுகளும் இந்த வகையில் அந்த வாதிகளுக்கு உறவுதான். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து, திருக்கோவிலூர் வழியாக நம்மிடம் வருகிறது. ஆகவே கடலூரில் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டு அதன் படுகையில் படுப்பது, பாதிச் செய்தியை மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பதாகும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நடந்ததை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது ஒரு பக்கம். டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது இன்னொரு பக்கம். கடலூரில் மழை ஓய்ந்து மக்கள் வெளியே வரத் தொடங்கிய நேரத்தில்தான் தென்பெண்ணையின் பெருவெள்ளம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிதான் ஆற்றங்கரையில் தங்க நினைப்பவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது.

என் பாடம் இதைவிடச் சிறியது. ஒரு ஜனவரி மாதம், பொங்கல் கழிந்த வாரம், தென்பெண்ணையின் நடுவே இருந்த ஒரு மணல் திட்டில் நான்கு பேராகத் தங்கினோம். திட்டு உயரமாகத் தெரிந்தது, வானத்தில் மேகமே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கூடாரத்தின் அடித்துணி குளிர்ந்து விழித்தபோது, மாலையில் முழங்கால் நனையாமல் தாண்டி வந்த ஓடை இடுப்பளவு ஆகியிருந்தது. மேலே எங்கோ திறந்த தண்ணீர். அடுப்பையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தோம். அன்றிலிருந்து, எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்த மாதமாக இருந்தாலும், படுகையிலும் திட்டிலும் நான் படுப்பதில்லை. பகலில் அங்கே உட்காரலாம், சமைக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். தூக்கம் மட்டும் கரையில்தான்.

காலத்தைப் பொறுத்தவரை, தை பிறந்த பிறகு மாசி முடிய உள்ள நாள்களே சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தெளிந்த நீர் சிறிதளவாவது ஓடும், இரவில் இதமான குளிர் இருக்கும். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று தென்பெண்ணைக் கரை முழுவதும் சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். சுருளிக் கிழங்குக் கடைகளும் கூட்டமும் மணலை நிரப்பிவிடும். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். தங்குவதற்கு வேறு நாள் பாருங்கள். பங்குனிக்குப் பிறகு மணலின் சூடு மாலை வெகுநேரம் வரை இறங்குவதில்லை. ஆவணி, புரட்டாசியில் மாலை நேர இடிமழை உண்டு. ஐப்பசி முதல் மார்கழி முடிய ஆற்றங்கரைப் பக்கமே கூடாரத்தோடு போக வேண்டாம். 2011இல் தானே புயல் கடலூரைத் தாக்கியது டிசம்பர் 30ஆம் தேதி என்பதை நினைத்துக்கொண்டால், மார்கழி பாதி ஆகிவிட்டது என்பதால் மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றாது.

இனி இடம் தேடுவது. கைப்பேசியில் உள்ள கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஆற்றின் போக்கிலேயே விரலால் மேல்நோக்கிப் போங்கள். கணினி இருந்தால் கூகுள் எர்த் இன்னும் நல்லது. அதில் ஒரே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். நான் ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது நான்கைந்து ஆண்டுகளின் படங்களைப் பார்ப்பேன். மணல் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதையும், ஆற்றின் வளைவில் வெளிப்புறக் கரை கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுவதையும், உட்புறக் கரையில் மணல் சேர்வதையும் அவற்றில் கண்ணாரக் காணலாம். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் மரத்தோப்பு எது என்று தேடுங்கள். பல வெள்ளங்களைத் தாங்கி நின்ற கரை அங்கேதான் இருக்கும். பாலம், தடுப்பணை, மணல் குவாரிக்குப் போகும் லாரிப் பாதை, சாயக் கழிவோ சாக்கடையோ கலக்கும் இடம், ஆகியவற்றையும் அதே படத்தில் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து விலகி இருங்கள்.

படம் பார்த்து முடிவெடுத்த இடத்தில் நேராகக் கூடாரத்தோடு போய் இறங்கக் கூடாது. முன்னதாக ஒரு நாள், வெயில் சாய்ந்த நேரத்தில், வெறும் கையோடு போய் நடந்து பார்க்க வேண்டும். கரையை வாசிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். கரையோரப் புதர்களின் கிளைகளில் வைக்கோலும் கந்தலும் பிளாஸ்டிக் உறைகளும் எந்த உயரத்தில் சிக்கித் தொங்குகின்றனவோ, கடைசி வெள்ளம் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது. நாணலும் கோரையும் ஒரே திசையில் படிந்து கிடந்தால் அதுவும் தண்ணீர் ஓடிய தடம். காலடியில் மண் வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்தால், அங்கே அண்மையில் சேற்று நீர் தேங்கி வற்றியிருக்கிறது. வயதான புளியமரமோ வேப்பமரமோ வேர் வெளியே தெரியாமல் கரையில் நிமிர்ந்து நின்றால் அந்தக் கரையை நம்பலாம். பனைமரத்தின் வேர்க்கொத்து ஆற்றுப் பக்கம் அந்தரத்தில் தொங்கினால், மேலே தரை உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் குடைந்திருக்கும், அங்கே நிற்கவும் வேண்டாம். இந்தப் பனைவேர் ஒன்றைப் பார்க்கப் பழகிவிட்டாலே பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம்.

மரம் நம்பகமானது என்பதால் அதன் நேர் கீழே படுக்க வேண்டும் என்பதில்லை. தென்னை, பனையின் கீழே மட்டையும் காயும் விழும். சவுக்குத் தோப்பு கண்ணுக்கு நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். ஆனால் நம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் சாகுபடி. அதன் சருகில் ஒரு தீப்பொறி விழுந்தால் அவருடைய நான்கைந்து ஆண்டு உழைப்பு போய்விடும்.

கரையை வாசித்த பிறகு மனிதர்களிடம் கேட்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. கருவிகளைப் பற்றி நிறையப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆற்றோரம் ஆடு மேய்க்கும் பெரியவர், கொல்லையில் நீர் பாய்ச்சும் அம்மா, வலை வீசும் அண்ணன், இவர்களில் ஒருவரிடமாவது, "ஐயா, போன வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் இடத்தை எந்தச் செயற்கைக்கோளும் அவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை. மடு எங்கே இருக்கிறது, மணல் அள்ளிய பள்ளம் எது, இரவில் மாட்டு வண்டியும் லாரியும் எந்தத் தடத்தில் வரும், குடிப்பதற்காகக் கூடுகிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஊரின் சுடுகாடும் கருமாதித் துறையும் பெரும்பாலும் ஆற்றோரத்திலேயே இருப்பதால், அவை எங்கே என்று கேட்டு அறிந்து, மரியாதையோடு விலகிப் போவது நம் கடமை. புதிய லாரிச் சக்கரத் தடம் மணலில் தெரிந்தால் அந்த இடத்தை உடனே கைவிட்டுவிடுங்கள். இரவில் மணல் எடுப்பவர்களுக்கு நடுவே குடும்பத்தோடு இருப்பது நல்லதல்ல.

அனுமதி இரண்டு வகை. ஆறும் அதன் புறம்போக்கும் அரசுக்கு உரியவை. ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடமும் அருகில் உள்ள காவல் நிலையத்திலும், எத்தனை பேர், எந்த இடம், எந்த இரவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் என் அனுபவத்தில் மிகச் சிறந்த இடம் புறம்போக்கில் இல்லை. ஆற்றிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் உள்ளே, மேட்டில், ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகையை ஒட்டிய களம்தான் அது. விளக்கு இருக்கும், பம்புசெட்டுத் தண்ணீர் இருக்கும், பெண்கள் குளிக்கவும் உடை மாற்றவும் மறைவு இருக்கும், அவசரத்துக்கு வண்டி வரப் பாதை இருக்கும். அறுவடை முடிந்த களமாகப் பார்த்து, உரிமையாளரிடம் நேரில் போய்க் கேட்டால், பெரும்பாலும் இல்லை என்று சொல்வதில்லை. பணம் வாங்க மறுப்பவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிச் செல்வது என் வழக்கம். ஆற்றை ஒட்டிப் படுக்க முடியவில்லையே என்று குறைபட வேண்டாம். மாலையும் விடியலும் ஆற்றில், தூக்கம் களத்தில் என்று பிரித்துக்கொண்டால் எதையும் இழப்பதில்லை.

இனி ஒவ்வோர் ஆற்றையும் பற்றிச் சில சொற்கள். தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியில் வடகரையில் பாகூர், சோரியாங்குப்பம் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். தென்கரையில் கடலூர் மாவட்டம். எந்தக் கரையில் இருக்கிறோமோ அந்த அரசின் காவல் நிலையத்துக்கே தகவல் தர வேண்டும். புதுச்சேரியில் வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டுக் கரைக்குக் கொண்டுவருவது குற்றம் என்பதும், எல்லையோரக் கரைகளில் உடைந்த பாட்டில்கள் மணலில் புதைந்து கிடக்கும் என்பதும் இங்கே வருபவர் அறிந்திருக்க வேண்டியவை. வெறுங்காலோடு நடக்காதீர்கள். இதே ஆற்றில் மேலே போகப் போகக் கூட்டம் குறைந்து மணல் சுத்தமாகிறது. ஆனால் தடுப்பணைகளின் ஓரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தளவானூர் அருகே 2020இல் கட்டிய தடுப்பணையின் ஒரு பகுதி 2021 ஜனவரியிலேயே இடிந்தது. பழைய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் சேதமடைந்தது.

கெடிலம் சிறிய ஆறு, ஊர்களை உரசிக்கொண்டு ஓடுவது. திருவந்திபுரத்துக்கு மேற்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சூழ்ந்த கரைகள் அழகானவை; நகரத்துக்குள் நுழைந்த பிறகு கழிவுநீர் கலந்துவிடுவதால் அங்கே தங்கத் தகுதி இல்லை. சிறிய ஆறுதானே என்று இதில் இறங்கவும் கூடாது. 2022 ஜூன் 5ஆம் தேதி நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலத்தின் தடுப்பணையில் தேங்கிய நீரில் குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். அனைவரும் பெண்கள், அவர்களில் பலர் சிறுமிகள். மேலே முழங்கால் அளவாகத் தெரியும் நீருக்கு அடியில், ஓர் அடி தள்ளி, ஆளைவிட ஆழமான பள்ளம் இருக்கலாம். எங்கள் குழுவில், நீளமான மூங்கில் கழியால் ஆழம் பார்த்து, கயிறு கட்டி எல்லை வைக்காத தண்ணீரில் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்பது விதி.

சங்கராபரணியில் வில்லியனூர், திருக்காஞ்சிப் பக்கம் படித்துறைகளும் நல்ல கரைகளும் உண்டு. திருக்காஞ்சி கோயில் துறை வழிபாட்டு இடம். அங்கே கூடாரம் போடாமல் சற்று மேலே தள்ளிப் பாருங்கள். இந்த ஆற்றுக்கு மேலே வீடூர் அணை இருக்கிறது. அதன் முழுக் கொள்ளளவு உயரம் 32 அடி. நாளிதழில் அது நிரம்பும் நிலையில் இருப்பதாகச் செய்தி வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கீழே சுண்ணாம்பாறு முகத்துவாரம் வரை போனால் கடலின் ஓதம் ஏறி இறங்கும். நம் கடற்கரையில் அது சாதாரண நாளில் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தட்டையான சேற்றுக் கரையில் அந்த ஒரு மீட்டர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கூடுதலாக ஏறும். அரிக்கமேடு அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்து உரோம வணிகத்தின் சான்றுகளைக் கண்ட மண். அங்கே பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்; கூடார முளை ஒன்றைக்கூட அடிக்கக் கூடாது.

சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தையும் பழைய கொள்ளிடத்தையும் நான் முற்றிலும் தவிர்க்கிறேன். அங்கே முதலைகள் உண்டு. கரையோர ஊர்களில் குளிக்கப் போனவர்களை முதலை தாக்கியது பலமுறை நடந்திருக்கிறது. ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி குளத்தில் விடுவதும் வழக்கம். பிச்சாவரம் சதுப்புநிலக் காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்கே படகில் போய் வருவதோடு சரி.

இடம் முடிவான பிறகு, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள். மணலில் சாதாரண முளைகள் நிற்காது. பழைய சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் கடற்காற்றையும் தாங்கும். ஆற்றுநீரைக் குடிக்க வேண்டாம். முகத்துவாரத்துக்கு அருகே உப்பும், மற்ற இடங்களில் கழிவும் கலந்திருக்கும். ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டுக் கேனில் எடுத்துச் செல்லுங்கள். மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த பழக்கம் நம் தாத்தா பாட்டிகளுக்கு இருந்தது. இன்று அந்த நீரைப் பாத்திரம் கழுவ மட்டுமே பயன்படுத்துகிறேன்.

பாம்பைப் பற்றி அச்சத்தைவிடக் கவனம் தேவை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி வலிக்காமலும் போகலாம். ஆகவே வெறும் பாயில் படுக்காமல், அடித்துணியோடு சேர்த்துத் தைத்த, ஜிப் முழுவதும் மூடும் கூடாரத்தில் படுங்கள், செருப்பை உதறிப் பார்த்துப் போடுங்கள், விளக்கில்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108ஐ அழைத்து, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுசெல்ல வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: புதர்களிலும் புல்லிலும் உள்ள சிறு பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வருவது நம் பகுதியில் உண்டு. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றங்கரையில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது வலியில்லாத கரிய பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவில் ஒருவராவது முறை வைத்து விழித்திருக்க வேண்டும். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து, மணிக்கு ஒருமுறை விளக்கடித்துப் பாருங்கள். குச்சியைத் தாண்டி நீர் நான்கு விரல் ஏறியிருந்தால், காரணம் ஆராயாமல் எல்லோரையும் எழுப்பி மேட்டுக்குப் போய்விடுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதையும் இடம் காட்டியவரின் எண்ணையும் எல்லோர் கைப்பேசியிலும் போகும் முன்பே பதிந்துவைக்க வேண்டும்.

காலையில் கிளம்பும்போது, சாம்பலில் நீர் ஊற்றி, குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இடம் காட்டியவரிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சாக்குப் புதைத்த குழிகளையும் ஊற்றுக்குத் தோண்டியதையும் மறக்காமல் மணல் தள்ளி மூடுங்கள்; சாயங்காலம் அந்த வழியாகத்தான் ஆடு மாடுகள் தண்ணீருக்கு இறங்கும்.